பெல்ட் எட்டாத தூரம்

என் மகளை என் வண்டியிலேயே போடச் சொல்லி மேற்பார்வையாளர் அகிலனிடம் கெஞ்சியவன் நான்தான். வேறு யாரையும் நொந்துகொள்ள முடியாது. அப்பன் ஆம்புலன்ஸ் ஓட்டுவான், மகள் பின்னால் நோயாளியைப் பார்த்துக்கொள்வாள். இப்படி ஒரு கூத்தை எந்தக் கம்பெனியாவது ஒத்துக்கொள்ளுமா? எங்கள் கம்பெனி ஒத்துக்கொண்டது. ஆள் பற்றாக்குறை வந்துவிட்டால் எதற்கும் ஒத்துக்கொள்வார்கள்.

எங்களுடையது அரசாங்க வண்டி இல்லை, தனியார் ஆம்புலன்ஸ். டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், ஸ்கேனுக்குப் போகிறவர்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள், இவர்கள்தான் எங்களுக்கு அதிகம். எப்போதாவது அவசரமும் வரும். வந்தால் சைரனைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். என் பெயர் சூசைநாதன். பாதி ஆயுசு பஸ் ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். என் மகள் ஜெனிவீவ் அப்படியில்லை. படித்து, பரீட்சை எழுதி, பாராமெடிக்காக வந்தவள். என்னைவிட நல்ல சம்பளம், என்னைவிட நல்ல சட்டை. வாய் மட்டும் என்னுடையது என்று அவள் அம்மா சொல்வாள்.

வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு ஆம்புலன்ஸ் என்றால் ரொம்பப் பத்திரமான வண்டி. விளக்கு சுழல்கிறது, எல்லோரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள், வேறென்ன வேண்டும்? உள்ளே ஏறிப் பாருங்கள் ஐயா. நடுவில் ஸ்ட்ரெச்சர். பக்கத்தில் சுவரோடு சுவராக ஒரு நீள பெஞ்ச். பெஞ்சில் பெல்ட் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதைப் போட்டால் முதுகு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கலாம், அவ்வளவுதான். அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த வேண்டுமென்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்க வேண்டும். ஓடுகிற வண்டியில். விழாமல் பிடித்துக்கொள்ள மூன்றாவது கையைக் கர்த்தர் யாருக்கும் கொடுக்கவில்லை.

போன வருஷம் சுஷ்மிதா என்கிற பெண்ணுக்கு நடந்தது இதுதான். யீஷூன் பக்கம் ஒரு நோயாளிக்கு மூச்சுவிடக் குழாய் வைக்க எழுந்து நின்றிருக்கிறாள். சாப்பாடு கொண்டுபோகிற பையன் ஒருவன் சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டான். டிரைவர் பிரேக்கை அழுத்தினான். அழுத்தாமல் என்ன செய்வான், அந்தப் பையன் மேல் ஏற்றுவானா? சுஷ்மிதா பறந்து போய் மருந்து அலமாரியில் மோதினாள். நோயாளியின் தோள்பட்டை வாரை அவள்தான் தளர்த்தியிருந்தாள். அவரும் ஸ்ட்ரெச்சரில் சறுக்கிக்கொண்டு போனார். சைக்கிள் பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சுஷ்மிதா இப்போது எங்கள் ஆபீஸில் போன் எடுக்கிறாள். பக்கத்திலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டாள். நாற்காலியோடு சேர்ந்து உடம்பு முழுவதும் திரும்பும். அவளுக்கு என் மகள் வயசு.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் மேற்பார்வையாளர் அகிலனைப் பார்க்கிறபோதெல்லாம் பிடித்துக்கொள்வேன். பெஞ்சை மாற்று, பெல்ட்டை மாற்று, இரும்பு அலமாரி முனைக்குப் பஞ்சாவது வை என்று கத்துவேன். அகிலன் கெட்ட பையன் இல்லை. அவனுக்கு மேலே ஒரு ஆள், அந்த ஆளுக்கு மேலே ஒரு ஆள். எல்லோரும் கூடிப் பேசி, கடைசியில் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ‘உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம், பெல்ட் அணியவும்’. நாலு மொழியில். பெல்ட் போட்டுக்கொண்டு எப்படியப்பா நெஞ்சை அழுத்துவது என்று நாலு மொழியில் ஒன்றிலும் எழுதவில்லை.

பிறகு ஒரு புது வண்டி வந்தது. பொய் சொல்லக் கூடாது, அருமையான வண்டி. பெஞ்சே கிடையாது. தரையில் தண்டவாளம் மாதிரி போட்டு அதில் ஒரு நாற்காலி. உட்கார்ந்து தோள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நோயாளியின் தலைமாட்டுக்கு நகரலாம், நெஞ்சுக்கு நேரே நகரலாம், பெல்ட்டும் கூடவே வரும். ஜெனிவீவ் அதில் ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இங்க பாருங்களேன், கை எட்டுது,” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தது ஒரே ஒரு வண்டி. அதை ஏதோ ஒரு பெரிய ஒப்பந்தத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றது எப்போது என்று கேட்டால், “அடுத்த வருஷம் அங்கிள், கண்டிப்பா,” என்றான் அகிலன். இந்தக் கண்டிப்பாவைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. வண்டியை மாற்ற முடியாது. வண்டி ஓட்டுகிறவனை மாற்றலாம் அல்லவா? மற்ற டிரைவர்களெல்லாம் இளவட்டங்கள், பிரேக்கை மிதிக்கத் தெரியும், முன்கூட்டியே காலை எடுக்கத் தெரியாது. என் மகள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நான் பார்த்துக்கொள்வேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த எத்தனை வயசானவர்களை விழாமல் கொண்டு சேர்த்திருக்கிறேன். அகிலனைக் கோப்பிக்கடைக்கு அழைத்துப் போய், தே தாரேக் டீயும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் தலையாட்டினான். என் மனைவி அல்போன்சம்மாள் சனிக்கிழமை நொவீனாக் கோயிலுக்குப் போய் நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். செம்பவாங் வீட்டில் அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

ஜெனிவீவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. வேலையில் அப்பா என்று கூப்பிட மாட்டேன் என்றாள். முதல் நாளே கூப்பிட்டுவிட்டாள். நான் ஓட்டுகிற அழகைப் பார்த்து, “அப்பா, கிழவர் ஒருத்தர் வாக்கிங் ஸ்டிக்கோட நம்மள ஓவர்டேக் பண்றாரு லா,” என்று பின்னாலிருந்து கிண்டல் செய்வாள். செய்யட்டுமே. டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்கள் என் வண்டியில் தூங்கியே போய்விடுவார்கள். சில வாரங்கள் அப்படிப் போயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலைக்குப் போனதில்லை.

அன்று காலை ரோவல் ரோட்டிலிருந்து அழைப்பு. அந்தத் தேக்கா வட்டாரத்தில் தீபாவளி விளக்கு கட்டியிருந்த நேரம், ரோட்டில் நிற்க இடமில்லை. வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றில் வடிவேலு என்று ஒருவர், மின்தூக்கி பழுதுபார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முந்தின நாளிலிருந்து மூச்சு வாங்குகிறதாம், நெஞ்சில் பாரமாம். 995 கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம் மனுஷன். அரசாங்க ஆம்புலன்ஸ் வந்தால் புளோக்கே எட்டிப் பார்க்கும், பண்டிகை நேரத்தில் வீட்டுக்கு முன்னால் கூட்டம் எதற்கு என்று. அவர் மனைவி கண்மணி எங்கள் நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

நாங்கள் போனபோது வடிவேலு சட்டை மாற்றி, தலை சீவி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் தானே ஏறிப் படுத்தார். ஜெனிவீவ் அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக் கருவியைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மாறியது. என்னிடம் மெதுவாக, நல்லாயில்லை, நேராக மருத்துவமனைதான், நான் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றாள். இடுப்பு வார், கால் வார், தோள்பட்டை வார் எல்லாவற்றையும் இழுத்து மாட்டினாள். சுஷ்மிதாவுக்குப் பிறகு தோள்பட்டை வாரை யாரும் விடுவதில்லை.

“என்ன தாயி, இப்படிக் கட்டிப்போட்டு எங்க கடத்திக்கிட்டு போற?” என்று வடிவேலு சிரித்தார்.

கண்மணி பின்னால் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார். ஜெனிவீவ் விடவில்லை. முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்காருங்கள் ஆன்ட்டி, அங்கேதான் பத்திரம் என்றாள். கண்மணி மடியில் மாத்திரைப் பையும் அவர் கட்டுகிற சாரோங் கைலி ஒன்றும் வைத்துக்கொண்டு என் இடப்பக்கம் உட்கார்ந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு சின்னச் சன்னல் உண்டு, தள்ளித் திறக்கிற மாதிரி. அதன் வழியாகப் பேசிக்கொள்வோம்.

சிராங்கூன் ரோட்டில் ஏறினேன். சைரன் போடவில்லை. விளக்கு மட்டும். முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் மூட்டை இறக்குகிற லாரி, இரண்டுக்கும் நடுவே கையில் பையோடு ரோட்டைக் கடக்கிற கூட்டம். கண்மணி பேசிக்கொண்டே வந்தார். முறுக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்ததாகவும், மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து அந்த வாரம் வருவதாகவும், அவளிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தேன்.

முஸ்தபா கடையைத் தாண்டியிருக்க மாட்டோம். பின்னால் கருவி கத்தியது. அடுத்த நொடி பெல்ட் கொக்கி கழன்று சுவரில் அடிக்கிற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் போதும். 

“அப்பா, சைரன் போடுங்க. அவரு போயிட்டிருக்காரு.”

நிறுத்தட்டுமா, பின்னால் வந்து பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மருத்துவமனை பக்கத்தில்தான், நிறுத்தினால் எல்லாம் போய்விடும், ஓட்டுங்கள் என்று கத்தினாள். சைரனைப் போட்டேன். நடுக்கண்ணாடியில் சன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. கால்களை அகட்டி ஸ்ட்ரெச்சர் கம்பியில் ஒரு முட்டியை முட்டுக்கொடுத்து நிற்கிறாள். அவர் தோள்பட்டை வாரைக் கழற்றிவிட்டாள். இரண்டு கையையும் கோத்து நெஞ்சில் வைத்து முழு உடம்பையும் போட்டு அழுத்துகிறாள். அவள் தலைக்கு நேரே அந்த அலமாரி. அதன் இரும்பு முனை அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது.

ரோடு விலகியது. இந்த ஊரில் சைரனுக்கு வழி விடாதவன் கிடையாது. பஸ் ஓரத்தில் ஒடுங்கியது, டாக்சிகள் நடைபாதையோரம் ஏறின, போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டிக் கூட்டத்தை நிறுத்தினார். எனக்கு முன்னால் தெரு சும்மா கிடந்தது. யாராக இருந்தாலும் காலை அழுத்தியிருப்பார்கள். நானும் அழுத்தினேன். வண்டி துள்ளியது. கண்ணாடியில் பார்த்தேன், அவள் தடுமாறி அலமாரியில் தோளை இடித்துக்கொண்டாள். விழவில்லை. மறுபடி நின்று அழுத்தினாள். என் கால் தானாக மேலே வந்துவிட்டது.

அந்த நேரத்தில் என் மனசு என்ன கணக்குப் போட்டது என்று இப்போது யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு கணக்கும் போடவில்லை. நடைபாதையிலிருந்து யாரோ ஒரு பிள்ளை இறங்கும், எவனோ ஒரு சைக்கிள்காரன் வருவான், நான் பிரேக்கை மிதிப்பேன், என் மகள் பறப்பாள். என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. காலியான தெருவில் நான் ஊர்ந்துகொண்டிருந்தேன். சைரன் மட்டும் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

பெருமாள் கோயில் வந்தபோது கண்மணி கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே வேகமானியைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னை.

“அண்ணே, வழிதான் கெடக்கே. ஏன் போக மாட்டேங்குறீங்க?”

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து உலுக்கினார். கோபமில்லை அதில், பயம்தான். போங்கண்ணே, போங்கண்ணே என்று அழ ஆரம்பித்துவிட்டார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ரோடு சரியில்லை, வண்டி இழுக்கவில்லை, ஏதாவது. எனக்கு வாயில் வந்தது உண்மை.

“பின்னால நிக்கிறது என் மகம்மா. பெல்ட் இல்லாம நிக்குது.”

கண்மணி திரும்பிச் சன்னல் வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் புருஷன் கிடப்பதையும் பார்த்திருப்பார், அவர் மேல் கவிழ்ந்து நிற்கிற என் பெண்ணையும் பார்த்திருப்பார். பிறகு முன்னால் திரும்பி உட்கார்ந்தார். என் கையை விட்டுவிட்டார். மடியில் இருந்த சாரோங்கை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.  அந்த அம்மாள் என்னை அடித்திருந்தால்கூட நான் வேகமாகப் போயிருப்பேன்.

பாலஸ்டியர் ரோட்டுச் சந்திப்பில் பச்சை விளக்கு மஞ்சளாயிற்று. போயிருக்கலாம். எதிரே எல்லோரும் நின்றுதான் இருந்தார்கள், எனக்காகவே நின்றிருந்தார்கள். அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். திருப்பத்தில் நிற்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று பஸ் ஓட்டினவனுக்குத் தெரியும். அலமாரி இருக்கிற பக்கம்தான். நான் நின்றுவிட்டேன். சைரன் அலறிக்கொண்டிருக்க, காலி ரோட்டில், வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் நின்றேன். பின்னாலிருந்து ஒரு டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். இன்னொருவனும் அடித்தான். ஜெனிவீவ், என்னப்பா ட்ராஃபிக்கா என்று கத்தினாள். ஆமாம் என்றேன். பக்கத்தில் கண்மணி இருந்தார். அவர் அதை மறுக்கவில்லை.

திரும்பிய பிறகு மெல்ல வேகம் பிடித்தேன். மருத்துவமனை வாசலில் ஆட்கள் தயாராக நின்றார்கள். கதவைத் திறந்தபோது ஜெனிவீவின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, அப்போதும் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அங்கிருந்தவர் ஒருவர் அவளை விலக்கிவிட்டுத் தான் அழுத்த ஆரம்பித்தார். எல்லோரும் ஓடினார்கள். கண்மணி பையோடு பின்னால் ஓடினார். என் மகள் முழுசாக நின்றிருந்தாள். தோளில் ஒரு சிராய்ப்பு மட்டும். சேசுவே நன்றி என்று சொன்னேன். மனசார சொன்னேன், அதை இப்போதும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் வண்டியைக் கழுவினோம். அவள் உள்ளே துடைத்தாள், நான் ஸ்ட்ரெச்சரைத் துடைத்தேன்.  அவள் அடிக்கடி உள்வாசலைப் பார்த்தாள். விசாரித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், அவங்களே சொல்லுவாங்க என்றாள். கொஞ்ச நேரத்தில் கண்மணியே வெளியே வந்தார். கையில் பை இல்லை. நடையைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. இதயத்தில் பெரிய அடைப்பு என்று பிறகு அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று இந்த அம்மாள் கேட்டாராம். அதைச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அவ்வளவுதான், பிழைத்திருப்பார் என்றும் இல்லை, பிழைத்திருக்க மாட்டார் என்றும் இல்லை.

என்னைத் தாண்டி நேராக ஜெனிவீவிடம் போனார். அவளுடைய இரண்டு கையையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து கிடந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிக் கொடுத்தார். புருஷன் செத்துக் கிடக்கிறான் உள்ளே, இந்த அம்மாள் என் பெண்ணின் கையைத் தடவிக்கொண்டிருக்கிறார். 

“வலிக்குதாம்மா?” என்றார். ஜெனிவீவ் இல்லையென்று தலையாட்டினாள். “பரவால்ல. உங்கப்பா உன்ன பத்திரமா கொண்டாந்து சேத்துட்டாரு.”

நான் அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன். ஒரு துளி இருந்தால்கூடப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பேன். இல்லவே இல்லை. ஒரு பெற்றவள் இன்னொரு பெற்றவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மகளுக்குப் போன் பண்ண வேண்டும் என்று திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஜெனிவீவ் என்னைப் பார்த்தாள். நான் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“ட்ராஃபிக் இல்லையா?”

இல்லையென்றேன். ரோடு காலியாக இருந்தது என்றேன். நீ நின்றுகொண்டிருந்தாய் என்றேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். என் வாய்தானே அவளுக்கு. வண்டியின் பின்படியில் உட்கார்ந்து கையை மடியில் போட்டுக்கொண்டாள். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் எழும்பவே இல்லை.

“ஒரு தடவ பல்ஸ் வந்துச்சுப்பா. அந்த ஜங்ஷன்ல நின்னோமே, அப்ப. தொட்டுப் பாத்தேன், இருந்துச்சு. சரி, இன்னும் கொஞ்சம்தான், வந்துடுவோம்னு நெனச்சேன். திரும்பறதுக்குள்ள போயிடுச்சு.”

 அவள் பக்கத்தில் போய் உட்காரலாமென்றால் அந்தப் படியில் இடம் இருந்தது, ஆனால் அவள் நகரவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். உன்னைப் பெற்றவன் வேறென்ன செய்வான் என்று கேட்க நினைத்தேன். அவள் பதில் வைத்திருந்தால் என்ன செய்வது என்று பயந்து கேட்கவில்லை.

அன்று மாலையே அவள் அகிலனைப் பார்த்திருக்கிறாள். என்ன நடந்தது என்று ஒன்றும் சொல்லவில்லையாம், வேறு வண்டி வேண்டும் என்று மட்டும் கேட்டாளாம். அகிலன் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். வீட்டில் ஏதாவது சண்டையா அங்கிள் என்று கேட்டான். ஆமாம், சின்னச் சண்டை என்றேன். புது வண்டியிலாவது போடக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். அது ஒப்பந்தத்தில் இருக்கிறது, அடுத்த வருஷம் கண்டிப்பா என்றான். ராத்திரி அல்போன்சம்மாள் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யார் பக்கமும் பேசவில்லை. ஜெனிவீவின் தோளுக்கு எண்ணெய் சுட வைத்துக்கொண்டு போய், அவள் கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை வெளியிலேயே நின்றாள்.

மறுநாள் காலை வண்டிகள் நிற்கிற யார்டில் முபாரக்கின் வண்டியில் அவள் பையை ஏற்றினாள். முபாரக் நல்ல பையன், போன மாதம்தான் குழந்தை பிறந்தது அவனுக்கு. வண்டி பழைய வண்டிதான், அதே பெஞ்ச், அதே அலமாரி, அதே ஸ்டிக்கர். அவசர அழைப்பு வந்துவிட்டது. கேலாங்கில் யாரோ மயங்கி விழுந்திருக்கிறார்கள். ஜெனிவீவ் என்னைப் பார்த்து, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் டிரைவர் சன்னலருகே போனேன். முபாரக் சைரனில் கை வைத்தவன் என்னைப் பார்த்து நிறுத்தினான்.

“என்னண்ணே, ஏதும் சொல்லணுமா?”

பார்த்து ஓட்டு என்று சொல்ல வேண்டும். மெதுவாகப் போ, பின்னால் நிற்பது என் மகள் என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேலாங்கில் விழுந்து கிடப்பவர் யாரென்று தெரியவில்லை, அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ அதுவும் தெரியவில்லை. கண்மணியின் கை என் கையை விட்ட இடம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

“ஒண்ணுமில்லப்பா. சீக்கிரம் போ,” என்றேன்.

அவன் சைரனைப் போட்டான். நான் பின்னுக்கு நகர்ந்து வழி விட்டேன்.